வார ஊசியை நானே போட்டுக்கொள்ளச் சொல்கிறார் டாக்டர், போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்

தையல்காரி_திண்டுக்கல்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 44 வயது. ஐந்து வருடமாக ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். முன்னறையில் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். காலையில் கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையவில்லை, பத்து மணிக்கு மேல் நுழைகிறது, அப்படித்தான் எனக்கு இது ஆரம்பித்தது. வேலைப்பளு என்று நினைத்து ஆறு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன், அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றெரிச்சல்.

மதுரையில் ஒரு மூட்டுவாத டாக்டரிடம் காட்டுகிறேன். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே நாள், சனிக்கிழமை ராத்திரி. 10 மி.கி.யில் ஆரம்பித்து இப்போது 20 வரை வந்தாயிற்று. 20 ஆனதிலிருந்து ஞாயிறு முழுக்கக் குமட்டல், திங்கள் மதியம் வரை சோறு இறங்காது, அதைவிடக் கொடுமை என்னவென்றால் இப்போதெல்லாம் மாத்திரை டப்பாவைப் பார்த்தாலே வாயில் தண்ணீர் ஊறிக் குமட்டுகிறது. இவ்வளவு பட்டும் வலது மணிக்கட்டிலும் இரண்டு விரல் மூட்டிலும் வீக்கம் இறங்கவில்லை. அதனால் அதே 20 மி.கி.யை ஊசியாக மாற்றியிருக்கிறார், தோலுக்கு அடியில் போடுவது, மருந்து நிரப்பியே வருகிற சிரிஞ்ச். நர்ஸ் ஒரு பஞ்சுத்துண்டில் குத்திக் காட்டினார், ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிட்டது. மூன்று மாதத்தில் சரிப்படவில்லை என்றால் அடுத்து அடாலிமுமாப் என்ற வேறொரு ஊசி என்றும் சொன்னார்.

நாள் முழுக்க ஊசியோடு இருப்பவள்தான், என் விரலில் ஏறாத ஊசி கிடையாது. ஆனால் அது தெரியாமல் ஏறுவது. தெரிந்தே குத்திக்கொள்ள வேண்டும் என்றதும் கை நடுங்குகிறது. ரொம்ப வலிக்குமா? விரல் வீங்கியிருக்கும் நாளில் எப்படிப் பிடித்து அழுத்துவது? முடி கொட்டுமா?

இன்னொன்று. மருந்துக் கடையில் பில் போட்ட பையன் "இது கேன்சர் ஊசியாச்சே, யாருக்கு?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டுவிட்டான். கூட வந்த என் மாமியார் வீடு வரும்வரை பேசவே இல்லை. அவருக்கு என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

---

முடங்காதவள்

அக்கா, திருச்சியிலிருந்து எழுதுகிறேன். இதே ஊசி, மூன்று வருடமாக நானேதான் போட்டுக்கொள்கிறேன். முதல்நாள் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன், கடைசியில் என் வீட்டுக்காரர் "நான் போடட்டுமா" என்று பக்கத்தில் வந்தார், அவர் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது, அதைப் பார்த்த பயத்தில் நானே குத்திக்கொண்டேன்.

வலி என்று பார்த்தால் எறும்புக்கடிதான். ஊசி மெல்லியது, நீளமும் குறைவு, கையில் ரத்தம் எடுக்கும்போது வலிப்பதில் பாதிகூடக் கிடையாது. எரிகிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேர் ஸ்பிரிட் காய்வதற்குள் குத்திவிடுகிறவர்கள். துடைத்துவிட்டு அது தானாகக் காய விடுங்கள், ஊதாதீர்கள், விசிறாதீர்கள்.

இடம்: வயிறு அல்லது தொடையின் முன்பக்கம். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிட வேண்டும். தழும்பு, நீலம் பாய்ந்த இடம், சிவந்த இடம் எதிலும் வேண்டாம். வாராவாரம் இடத்தை மாற்றுங்கள், ஒரே இடத்தில் போட்டால் தோல் கெட்டியாகிவிடும். எடுத்த பிறகு பஞ்சை வைத்து லேசாக அழுத்தினால் போதும், தேய்க்கக் கூடாது. நமக்கு எந்த ஊசி போட்டாலும் பரபரவென்று தேய்த்துவிடும் பழக்கம் இருக்கிறதே, அது இதற்கு ஆகாது.

விரல் விஷயம் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, இதை எந்த நர்ஸும் சொல்லித் தரமாட்டார், ஏனென்றால் அவர்களுக்கு விரல் நன்றாக இருக்கிறது. மூடியைக் கழற்றுவதுதான் முதல் கஷ்டம். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையின் ஒரு துண்டை வெட்டி வைத்திருக்கிறேன், அதால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும், திருக வேண்டாம். பல்லால் கடித்து இழுக்கவே இழுக்காதீர்கள், நான் ஒருமுறை அப்படிச் செய்து ஊசி வளைந்து அந்த வார மருந்தே போயிற்று. அழுத்தும்போது கட்டைவிரல் ஒத்துழைக்காத நாளில் உள்ளங்கையின் அடிமேட்டை வைத்து மெதுவாகத் தள்ளுவேன். ராத்திரி போடுவதில் ஒரு லாபம், காலை விறைப்பெல்லாம் விட்டு விரல் ஓரளவு இளகியிருக்கும்.

குமட்டல் எனக்கு முக்கால்வாசி போய்விட்டது. முழுக்கப் போய்விடும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். முடி முதல் நாலைந்து மாதம் சீப்பில் கொஞ்சம் கூடுதலாக வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. தலை மொட்டையாவது போல எல்லாம் எதுவும் இல்லை.

---

ஓய்வுபெற்ற_செவிலியர்

முப்பத்தொரு வருடம் வார்டில் இருந்தவள். முடங்காதவள் எழுதியதெல்லாம் சரி, விரல் வீங்கியவர்களை நாங்கள் யோசிப்பதில்லை என்று குத்தியதும் சரி. நான் வேறு சில விஷயம் சொல்கிறேன் தாயீ, கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் உன் மாமியாருக்கு. ஆமாம், இது கேன்சருக்கும் கொடுக்கும் மருந்துதான், மறைக்க வேண்டாம். ஆனால் அங்கே கொடுக்கும் அளவு வேறு, சில சமயம் உனக்கு வாரத்துக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. மூட்டுவாதத்துக்கு இதைக் குறைந்த அளவில் கொடுக்க அமெரிக்காவில் 1988இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள், இன்று உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதலில் எடுக்கும் மருந்தே இதுதான். இன்னொன்றும் சொல்லு. இந்த வகை மருந்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், ஆந்திராவில் பீமாவரத்தில் பிறந்து நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். கதர் உடுத்திக்கொண்டு போனதற்காக இங்கே அவருக்கு முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கொடுக்காமல் அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டம் கொடுத்து அனுப்பினார்கள். மாமியார்மார்களிடம் வியாதியைப் பேசுவதைவிட இப்படி ஒரு கதையாகச் சொன்னால் காதில் ஏறும், இது என் அனுபவம்.

மாத்திரையை ஏன் ஊசியாக மாற்றுகிறார்கள் என்றால் குமட்டல் மட்டும் காரணமில்லை. மாத்திரையில் 15 மி.கி.க்கு மேல் போகப் போக, கூட்டிக் கொடுப்பது அத்தனையும் உடம்பில் சேர்வதில்லை, குடல் ஓரளவுக்கு மேல் உறிஞ்சாது. ஊசியில் போட்டது போட்டபடி சேரும். அதனால் அதே 20தான் என்றாலும் உன் உடம்புக்கு அது கொஞ்சம் கூடின மாதிரி. ஆரம்பத்தில் ரத்தப் பரிசோதனையை ஒரு தடவைகூடத் தள்ளிப்போடாதே. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் மூன்றையும் முதல் சில மாதம் இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை, நிலைப்பட்ட பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள்.

அடுத்தது, இதைப் பெரிய எழுத்தில் எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். வாரத்தில் ஒரே ஒரு நாள். நான் பார்த்த ஒரு பாட்டி, மாத்திரை அட்டையின் கவரில் யாரோ பழக்கதோஷத்தில் 1-0-0 என்று கிறுக்கிவிட்டார்கள், அந்த அம்மா தினம் காலையில் ஒன்று போட்டிருக்கிறார். எட்டாவது நாள் வாய் முழுக்கப் புண்ணோடு, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் கொண்டுவந்தார்கள், ரத்தத்தில் வெள்ளை அணு எண்ணிக்கை தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. பிழைத்துவிட்டார், ஆனால் எல்லோரும் பிழைப்பதில்லை. அதனால் காலண்டரில் சனிக்கிழமை சனிக்கிழமையாக வட்டம் போட்டு வை, போட்டதும் அடித்துவிடு. மாத்திரை மிச்சம் இருந்தால் வீட்டில் வைக்காதே, ஊசியும் போட்டு மாத்திரையும் விழுங்கியவர்கள் உண்டு. ஒரு சனிக்கிழமை மறந்துவிட்டால் பொதுவாக இரண்டு நாளுக்குள் போடலாம், அதற்கு மேல் ஆனால் அந்த வாரத்தை விட்டுவிடச் சொல்வார்கள், ஈடுகட்ட இரட்டிப்பாகப் போடக் கூடாது. உன் டாக்டரிடம் இதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்.

உனக்கு நிரப்பிய சிரிஞ்ச் கொடுத்திருக்கிறார்கள், நல்லது. ஸ்டாக் இல்லை என்று கடையில் குப்பி கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்து நீயாக உறிஞ்சாதே. குப்பிக்குக் குப்பி அடர்த்தி மாறும். மி.லி.க்கு 25 மி.கி. இருக்கும் குப்பியில் உன் அளவு 0.8 மி.லி., 15 மி.கி. இருக்கும் குப்பியில் 1.3க்கும் மேல். அதிலும் இன்சுலின் சிரிஞ்சில் இருப்பது யூனிட் கோடு, அதை வைத்து இதை அளந்தால் கணக்கே கெட்டுவிடும். நிரப்பிய சிரிஞ்சுக்குள் சின்னக் காற்றுக்குமிழ் தெரிந்தால் பயப்படாதே, தோலுக்கடியில் அது ஒன்றும் செய்யாது. வெளியேற்றுகிறேன் என்று தட்டித் தள்ளினால் மருந்துதான் சிந்தும்.

மருந்து மஞ்சளாகத்தான் இருக்கும். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவு. வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அவர்கள் இதைத் தொடவே வேண்டாம். உனக்கும் 44தான் ஆகிறது, மாதவிலக்கு நிற்கவில்லை என்றால் கருத்தடை கட்டாயம், இந்த வயதில் என்ன என்று விட்டுவிடாதே.

ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை கொடுத்திருப்பார்களே, அதை ஊசி நாளில் இல்லாமல் வேறு நாளில் போடச் சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிட்டு "குமட்டுகிறது, வாய்ப்புண் வருகிறது" என்று வருபவர்கள்தான் அதிகம். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் என்று உள்ளூர் டாக்டரிடம் போனால் இந்த ஊசி போடுகிறேன் என்று முதல் வார்த்தையாகச் சொல். கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் இதோடு சேரவே கூடாது. காய்ச்சல், வாய்ப்புண், விடாத வறட்டு இருமல், மூச்சுவாங்கல் இதில் எது வந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் டாக்டருக்கு ஃபோன் செய்.

போட்டு முடித்த சிரிஞ்சுக்குத் திரும்ப மூடி போடாதே, அப்போதுதான் விரலில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், துணி துவைக்கும் லிக்விட் வந்த கேன் நன்றாக இருக்கும், போட்டு வைத்து நிறைந்ததும் ஆஸ்பத்திரியில் கொடு. குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை பிரிக்கும் அம்மா கையில்தான் ஏறும்.

---

நொய்யல்கரை

நான் அடாலிமுமாப் ஆள், கோவை, 38 வயது. டாக்டர் பெயரைச் சொல்லிவிட்டார் என்கிறீர்கள், அதனால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மி.கி. நான் மெத்தோட்ரெக்சேட்டும் விடவில்லை, இரண்டும் சேர்ந்தே ஓடுகிறது.

ஆரம்பிக்கும் முன்னால் காசநோய் பார்ப்பார்கள். நம் நாட்டில் இது சும்மா சடங்கு இல்லை, நிறையப் பேருக்குள் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும், இந்த மருந்து எதிர்ப்புசக்தியைத் தணிப்பதால் அது எழுந்துவிடலாம். எனக்கு ஒரு இருமல்கூட இல்லை, எக்ஸ்ரே சுத்தம், ஆனால் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். காசநோய் தடுப்பு மாத்திரை ஒரு மாதம் போன பிறகுதான் முதல் ஊசியே போட விட்டார்கள், மாத்திரையை மொத்தக் கெடுவும் முடித்தேன். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் உண்டு. நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசி முடிந்தால் முன்பே போட்டுவிடுங்கள் என்றார்கள்.

விலையைக் கேட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். 2014 டிசம்பரில் சைடஸ் நிறுவனம் இதன் பயோசிமிலரை, அதாவது இதே மாதிரி வேலை செய்யும் இன்னொரு தயாரிப்பை, இந்தியாவில் கொண்டுவந்தது, அதற்கப்புறம் வேறு கம்பெனிகளும் வந்துவிட்டன, அதனால்தான் என்னைப் போன்ற மாதச்சம்பளக்காரன் இதை நினைத்தாவது பார்க்க முடிகிறது. டாக்டரிடம் விலையைக் கேட்க வெட்கப்படாதீர்கள். சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்த நோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது.

இது ஃபிரிட்ஜ் மருந்து, 2 முதல் 8 டிகிரி. உறையவும் கூடாது, உறைந்ததை இளக்கிப் போடவும் கூடாது. முதல் தடவை எனக்கு வரவழைத்துக் கொடுத்த கடையில் ஐஸும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் வெறும் பாலிதீன் பையில் போட்டுக் கவுன்டரில் வைத்திருந்தார்கள், மே மாதம், பகல் ஒன்றரை மணி. "காலையில்தான் சார் வந்தது" என்றார்கள். சண்டை போட்டேன், வாங்க மாட்டேன் என்று வந்துவிட்டேன். இப்போது ஐஸ் பெட்டியோடு நானே போய், அவர்கள் ஃபிரிட்ஜைத் திறந்து எடுப்பதைப் பார்த்து வாங்குகிறேன். வீட்டில் கதவுத் தட்டில் வைக்காதீர்கள், ஃப்ரீசருக்கு ஒட்டியும் வைக்காதீர்கள், நடுத்தட்டு. பெட்டிமேல், ஃபிரிட்ஜுக்கு வெளியே 25 டிகிரிக்குள் இத்தனை நாள் இருக்கலாம் என்று போட்டிருப்பார்கள், சித்திரை மாதத்தில் நம் வீட்டுக்குள் எங்கே 25 டிகிரி?

போடுவதற்குக் கால் மணி, அரை மணி முன்னால் எடுத்து மேஜைமேல் வைத்தால் போதும், சில்லென்று போட்டால்தான் சுருக்கென்று இருக்கும். வெந்நீரில் காட்டக் கூடாது.

பேனா மாதிரி வருவதில் என் முட்டாள்தனம் ஒன்று. முதல் கிளிக் சத்தம் கேட்டதும் முடிந்தது என்று எடுத்துவிட்டேன், மருந்து வயிற்றில் வழிந்து லுங்கி நனைந்துவிட்டது. வழிந்தது ஆயிரக்கணக்கில் காசு. கிளிக் என்பது ஆரம்பம், பக்கத்து ஜன்னலில் நிறம் முழுக்க மாறும்வரை, மனதுக்குள் பதினைந்து எண்ணும்வரை அழுத்தியபடியே இருக்க வேண்டும். இன்னொன்று போடலாமா என்று ஃபோனில் கேட்டேன், வேண்டாம், அடுத்த தேதியில் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

---

இயற்கைவழி

ஏன் இப்படி விஷத்தை ஏற்றிக்கொள்கிறீர்கள்? முடக்கத்தான் கீரை ஒரு மண்டலம் சாப்பிட்டால் மூட்டெல்லாம் விட்டுவிடும். பெயரிலேயே இருக்கிறதே, முடக்கு அறுத்தான். என் சித்தி ஊசியை நிறுத்திவிட்டு நன்றாக நடக்கிறார்.

---

முடங்காதவள்

அண்ணா, முடக்கத்தான் தோசை எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள், எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கும் மதியம் மிச்ச மாவில் இரண்டு ஊற்றித்தான் சாப்பிட்டேன். தோசை சாப்பிடுவதற்கும் மருந்தை நிறுத்துவதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் சொன்னதை நான் செய்திருக்கிறேன். மாத்திரை போட்ட காலத்தில், வலி குறைந்த தெம்பில், எட்டு மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கஷாயம் குடித்தேன். முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது, அந்த இரண்டு மாதத்தில் நானும் உங்களைப் போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் வந்தது. என் இடது கையின் மோதிரவிரல் நடு மூட்டில் பின்பக்கம் குழிந்து நுனி முன்பக்கம் மடங்கி நிற்கிறது, சட்டைப் பொத்தான் போட அந்தக் கை உதவாது. ஊசி ஆரம்பித்த பிறகு வலி போயிற்று, வீக்கம் போயிற்று, அந்த விரல் மட்டும் திரும்பவில்லை. திரும்பாது. உங்கள் சித்தி நன்றாக இருக்கட்டும், ஆனால் தையல் தொழிலை வைத்துச் சாப்பிடுகிற ஒருவரிடம் இதைச் சொல்லாதீர்கள்.

---

தையல்காரி_திண்டுக்கல்

எல்லோருக்கும் நன்றி. முந்தாநாள் சனிக்கிழமை போட்டுவிட்டேன்.

ராத்திரி சாப்பிட்டு ஒன்பது மணிக்கு மெஷின் ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன், அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகள் நீங்கள் எல்லோரும் எழுதியதை வரிசையாக வாசித்தாள், பரிட்சைக்குப் படிப்பது போல. இரண்டு அங்குலம் என்று போட்டிருந்ததா, அளவு டேப்பை எடுத்துத் தொப்புளிலிருந்து வைத்து அளந்து சாக்பீஸால் புள்ளி வைக்கப் போனேன், "அம்மா, அதைத் துடைக்கணும்னு சொல்லியிருக்காங்க, சாக்பீஸ் வைக்காதே" என்று கையைத் தட்டிவிட்டாள். ரப்பர் துண்டு யோசனை பிரமாதம், மூடி ஒரே இழுப்பில் வந்தது. ஊசி நுனியில் மஞ்சளாக ஒரு துளி நின்றது, அதைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறினேன், மகள் ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள், மூன்றில் குத்திவிட்டேன். அவ்வளவுதானா என்று இருந்தது. ஹூக் தைக்கும்போது நகக்கண்ணில் ஏறுகிற வலி இதைவிடப் பெரிது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேசாகத் தலை கனத்தது, குமட்டல் என்று சொல்லுமளவு இல்லை, பதினோரு மணிக்கு மூன்று இட்லி சாப்பிட்டேன். ஒரு வாரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, தெரியும். மணிக்கட்டு வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டாவது வாரம் ரத்தம் கொடுக்கத் தேதி வாங்கிவிட்டேன். மிச்சம் இருந்த மாத்திரை அட்டையை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அந்தப் பையன் வாங்கவே தயங்கினான்.

மாமியாரிடம் சுப்பாராவ் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கதர் போட்டதுக்கா பட்டம் தரலை?" என்று அதிலேயே நின்றுவிட்டார். கேன்சர் பேச்சு அப்புறம் வரவில்லை.

வீட்டுக் காலண்டரில் பால்கணக்கு எழுதி இடமே இல்லை. அதனால் பிளவுஸ் அளவு எழுதும் நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி இதற்கு ஒதுக்கிவிட்டேன். தேதி, 20, வயிறு வலது என்று முதல் வரி எழுதியாயிற்று. அடுத்த சனிக்கிழமை இடது.